எப்பாக்ஸி சில்லுச் சில்லாக உடைகிறதா? ரப்பர் கலப்பதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

எப்பாக்ஸி உடைகிறது என்று யாரிடம் கேட்டாலும் உடனே வரும் பதில் "டஃப்னர் போடுங்க" என்பதுதான். டஃப்னர் என்றால் எப்பாக்ஸி எளிதில் உடையாமல் இருக்கக் கலக்கும் ரப்பர் வகைச் சேர்ப்பு. கன்ட்ரோல் போர்டை மூடும் பாட்டிங், இரும்பும் அலுமினியமும் ஒட்டும் வேலை, ஃபைபர் கிளாஸ் லேமினேட் என்று உடைந்து திரும்பி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியானது ஒன்று: அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டஃப்னரே தேவையில்லை. ரெசினுக்கும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னருக்கும் உள்ள விகிதம் தவறியிருக்கும், இல்லையென்றால் க்யூர், அதாவது ரெசின் வேதிவினையில் இறுகுவது, பாதியில் நின்றிருக்கும். அதில் போய் விலை கூடிய ரப்பரைக் கலந்தால் பணமும் போகும், சூடு தாங்கும் திறனும் குறையும், உடைவது மட்டும் நிற்காது. அதனால் ரப்பர் எப்போதும் கடைசிப் படியாகத்தான் இருக்க வேண்டும்.

பெயர்களை மட்டும் முதலில் பிரித்து வைத்துக்கொள்வோம், ஏனென்றால் கடையில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். சிடிபிஎன் என்பது திரவ ரப்பர், நுனியில் அமிலத் தொகுதி உள்ளது. அதை எப்பாக்ஸியோடு முன்கூட்டியே சூட்டில் இணைத்துக் கொடுத்தால் அதற்கு அடக்ட் என்று பெயர். கோர்-ஷெல் என்பது உள்ளே ரப்பரும் வெளியே கெட்டியான ஓடும் கொண்ட மிக நுண்ணிய துகள், பெரும்பாலும் எப்பாக்ஸியிலேயே கலந்த மாஸ்டர்பேட்சாகக் கிடைக்கும். இவை இரண்டும் விரிசலை ஓடவிடாமல் தடுப்பவை. ஃபிளெக்சிபிளைசர், பிளாஸ்டிசைசர் என்று விற்பவை வேறு ஜாதி, அவை மொத்த ரெசினையும் மெத்தென்று ஆக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது எது என்று தெரியாமல் வாங்கப் போகாதீர்கள்.

## முதலில் ஒரு பட்டியை உடைத்துப் பாருங்கள்

அறிகுறி எதுவானாலும் இதைச் செய்துவிட்டுக் கீழே படியுங்கள். பிரச்சினை வந்த அதே கலவையில் 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், 3 மி.மீ. தடிமனில் நான்கைந்து பட்டிகள் சிலிகான் அச்சில் ஊற்றி, பொருளுக்குக் கொடுக்கும் அதே க்யூர் கொடுங்கள். ஒரு பட்டியின் நடுவில் ஆக்சா பிளேடால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, துணியில் சுற்றி வளைத்து உடையுங்கள். உடைந்த முகத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

முகம் வழவழவென்று பளபளத்தால் விரிசல் தடையே இல்லாமல் ஓடியிருக்கிறது. முகம் மங்கி, சொரசொரப்பாக, வெட்டின் நுனியை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தால் ரப்பர் வேலை செய்கிறது. திட்டுத்திட்டாக நிறம் மாறியோ, ஒட்டும் இழைகளோடோ இருந்தால் கலவை சரியில்லை. உடையாமல் வளைந்து அப்படியே நின்றுவிட்டால் உங்கள் பிரச்சினை மூன்றாவது அறிகுறியில் இருக்கிறது.

## அறிகுறி 1: இன்னும் ரப்பர் எதுவும் போடவில்லை, கண்ணாடி மாதிரி உடைகிறது

### தராசு
சாதாரண திரவ எப்பாக்ஸிக்கு எப்பாக்ஸி சமான எடை, அதாவது ஒரு பங்கு எப்பாக்ஸித் தொகுதி அடங்கிய ரெசினின் கிராம் எடை, சுமார் 190. டெட்டா (TETA, டிரைஎத்திலீன்டெட்ராஅமீன்) என்ற அமீன் வகை ஹார்ட்னர் என்றால் கணக்குப்படி 100 கிராம் ரெசினுக்கு 13 கிராம் போதும். 50 கிராம் கலக்கிறீர்கள் என்றால் 6.5 கிராம். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் இந்த 6.5 கிராமை நிறுத்தினால் அது 6ஆ 7ஆ என்று தராசுக்கே தெரியாது. 1 கிராம் பிசகினாலே 15 சதவீதப் பிழை. ஹார்ட்னர் கூடினாலும் குறைந்தாலும் பலம் போகும். கூடப் போட்டால் சீக்கிரம் செட் ஆகும் என்று சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள், சின்ன பேட்ச் என்றால் 0.01. மூடியில் அளந்து ஊற்றுவதும் வேண்டாம், ரெசினும் ஹார்ட்னரும் ஒரே அடர்த்தி கிடையாது. தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில் எடை விகிதம் போட்டிருந்தால் எடை, கன அளவு விகிதம் போட்டிருந்தால் கன அளவு.

### கலக்கும் முறை
ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கி, வேறொரு சுத்தமான டப்பாவுக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி ஊற்றக் கூடாது.

### க்யூர் பாதியில் நின்றிருக்கிறதா
பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். அறைச் சூட்டில் விட்டால் எப்பாக்ஸி ஒரு கட்டத்தில் இறுகி, உள்ளே வேதிவினை முடியாமலே நின்றுவிடும். தொட்டால் கல் மாதிரி இருக்கும், தட்டினால் டக்கென்று போகும். சோதனை எளிது: இரண்டு பட்டிகளை எடுத்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம், அப்புறம் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வையுங்கள், ஓவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவன் கூடாது. ஆறிய பட்டியையும் ஓவனில் வைக்காத பட்டியையும் அடுத்தடுத்து உடைத்துப் பாருங்கள். வித்தியாசம் கையில் தெரிந்தால் உங்களுக்கு வேண்டியது போஸ்ட் க்யூர், டஃப்னர் கிடையாது.

### ஃபில்லர்
அடியில் மட்டும் உடைகிறதா? குறுக்கே அறுத்துப் பாருங்கள். சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ கீழே படிந்து, அடிப்பகுதியில் ரெசின் போதாமல் போயிருக்கும். ஈரமான ஃபில்லரும் இதே கதைதான், கலக்கும் முன் ஓவனில் காயவைத்து ஆறவிட்டுப் போடுங்கள்.

### இவை எல்லாம் சரி, அப்படியும் உடைகிறது
சரி, இப்போதுதான் ரெசினின் சுபாவத்துக்கு வருகிறோம். டெட்டா மாதிரிக் குட்டை ஹார்ட்னர்கள் மிக நெருக்கமான வலைப்பின்னலைக் கட்டும், அது இயல்பிலேயே முறியும். செலவு குறைந்த வழி ஹார்ட்னரை மாற்றுவது. டி-230 வகை பாலிஈதர் அமீன் என்றால் 100க்கு 32 கிராம் அளவில் போகும், நன்றாகவே தாங்கும், ஆனால் முழு க்யூர் ஆன பின்னும் 85–90 டிகிரியிலேயே மெத்தென்று ஆகிவிடும். உங்கள் பொருள் அந்தச் சூட்டைப் பார்க்காது என்றால் இங்கேயே வேலை முடிந்தது, மேலே எதையும் வாங்க வேண்டாம்.

சூடும் தாங்க வேண்டும், அடியும் தாங்க வேண்டும் என்றால்தான் டஃப்னர். பாட்டிங்குக்கும் லேமினேட்டுக்கும் என் தேர்வு கோர்-ஷெல் மாஸ்டர்பேட்ச், 100 பங்கு ரெசினுக்கு 5 முதல் 10 பங்கு ரப்பர் வரும்படி. மாஸ்டர்பேட்சின் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அதற்குள் ரப்பர் 25 சதவீதமா 40 சதவீதமா என்று தாளைப் பாருங்கள். ஓவனில் க்யூர் செய்யும் பசை என்றால் சிடிபிஎன் அடக்ட் நல்லது.

## அறிகுறி 2: ரப்பர் போட்டும் அதே மாதிரி உடைகிறது

பட்டியை அச்சடித்த தாளின் மேல் வைத்துப் படிக்கப் பாருங்கள். இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### பட்டி பளிங்கு போலத் தெளிவாக இருக்கிறது, சிடிபிஎன் அடக்ட் போட்டிருக்கிறீர்கள்
ரப்பர் பிரிந்து நிற்கவில்லை, ரெசினிலேயே கரைந்து போய்விட்டது. சிடிபிஎன் ஒழுங்காக வேலை செய்யும்போது அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊற்றும்போது தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும், ஜெல் ஆகும் (திரவம் உறைந்து ஓடாமல் நிற்கும்) நேரம் நெருங்க நெருங்க, சூடு அதிகமாக இருக்கும் நடுப்பகுதியில் இருந்து ஒரு மங்கல் கிளம்பி ஓரம் வரை பரவி, கடைசியில் மொத்தமும் பால் நிறம் ஆகும். ரப்பர் ஒரு மைக்ரான் அளவில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த மங்கல் வரவே இல்லை என்றால் மூன்று சந்தேகங்கள். முதலாவது, ஜெல் ஆவது மிக வேகம். ரப்பர் பிரிய அவகாசமே கிடைக்கவில்லை. வெயில் காலத்தில் அமீன் ஹார்ட்னரோடு இது சகஜம். வேகம் குறைந்த ஹார்ட்னருக்கு மாறுங்கள், அல்லது மிதமான சூட்டில் ஜெல் ஆகவிட்டு அப்புறம் சூட்டை ஏற்றுங்கள். இரண்டாவது, பாலிஅமைடு ஹார்ட்னர். அதோடு ரப்பர் நன்றாகவே ஒத்துப்போய்க் கரைந்தே இருந்துவிடலாம். மூன்றாவது, ரப்பரின் ரகம். அக்ரிலோநைட்ரைல் சதவீதம் கூடக் கூட அது எப்பாக்ஸியில் அதிகம் கரையும். 26 சதவீத ரகத்தில் பிரியாதது 18 சதவீத ரகத்தில் பிரியக்கூடும்.

### பட்டி பால் நிறம்தான், ஆனாலும் உடைகிறது
முதலில் ஹார்ட்னர் கணக்கை மறுபடி போடுங்கள், ஏனென்றால் அடக்ட் போட்டதும் பழைய விகிதம் செல்லாது. ஒரு கணக்குப் பார்ப்போம். 75 கிராம் ரெசின், 25 கிராம் அடக்ட், அடக்டின் சமான எடை 340 என்று தாளில் இருக்கிறது. 75ஐ 190ஆல் வகுத்தால் 0.395, 25ஐ 340ஆல் வகுத்தால் 0.074, கூட்டினால் 0.469. டெட்டாவின் ஹைட்ரஜன் சமான எடை, அதாவது ஒரு பங்கு எப்பாக்ஸியோடு சேரத் தேவைப்படும் ஹார்ட்னரின் எடை, 24.4, பெருக்கினால் 11.4 கிராம். நீங்கள் பழக்கத்தில் 13 கிராம் ஊற்றியிருந்தால் ஹார்ட்னர் 14 சதவீதம் கூடுதல். ரப்பர் கொடுத்த பலத்தை இது தின்றுவிடும்.

கணக்கு சரி என்றால் அளவைப் பாருங்கள். 100க்கு 3–4 பங்கு ரப்பர் போட்டுவிட்டுப் பலன் தெரியவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை, 8–10 வரை போய்ப் பாருங்கள். 15ஐத் தாண்ட வேண்டாம், அதற்கு மேல் பலம், விறைப்பு, சூடு தாங்குவது எல்லாம் சரியத் தொடங்கும்.

அடுத்து, நீங்கள் வாங்கியது அடக்டா, வெறும் சிடிபிஎன்னா? வெறும் ரப்பரை அறைச் சூட்டில் அமீன் ஹார்ட்னரோடு கலந்தால் அமிலமும் அமீனும் உப்பாகிவிடும், ரப்பர் ரெசினோடு பிணைவதில்லை. அடக்டை நாமே காய்ச்சிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். 150 டிகிரி பக்கத்தில், வினையூக்கியோடு, மணிக்கணக்கில் கிளறி, மிச்சமிருக்கும் அமிலத்தைக் காட்டும் அமில எண்ணைச் சோதித்துச் சோதித்து முடிக்க வேண்டிய வேலை அது. ரியாக்டர் இல்லாதவர்கள் தகர டப்பாவில் செய்யவே கூடாது, ரெடியாக வாங்குங்கள்.

### கோர்-ஷெல் போட்டிருக்கிறேன், வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிறது
தூளாக வாங்கிக் கையால் கலக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு துகளும் 100–300 நானோமீட்டர்தான், ஆனால் தூளில் அவை கட்டி கட்டியாக ஒட்டிக்கிடக்கும். கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் டஃப்னர் அல்ல, விரிசல் தொடங்க வசதியான இடம். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு வைத்து இன்னொரு தட்டால் அமுக்கி வெளிச்சத்தில் பாருங்கள், மணல் மணலாகத் தெரிந்தால் த்ரீ ரோல் மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். பெயின்ட், இங்க் தயாரிப்பவர்களிடம் அந்த மில் இருக்கும். அதற்கு ஆகும் செலவுக்கு மாஸ்டர்பேட்சே வாங்கிவிடலாம்.

### எல்லாம் சரி, ரெசின் உயர் வெப்ப ரகம்
நான்கு கை (ஒரு மூலக்கூறில் நான்கு எப்பாக்ஸித் தொகுதி) கொண்ட எப்பாக்ஸி, விமானப் பாகங்களுக்குப் போகும் ரகம் என்றால், அதன் வலை மிக நெருக்கம், ரப்பர் அங்கே பெரிதாக எடுபடாது. பாலிஈதர் சல்ஃபோன் மாதிரித் தெர்மோபிளாஸ்டிக்கைச் சூட்டில் கரைத்துச் சேர்க்கும் வேலை அது, கலவை குழம்பைவிடக் கெட்டியாகிவிடும். இந்த இடத்தில் ஃபார்முலேஷன் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: உடைவது நின்றது, ஆனால் வெயிலில் வளைகிறது

பட்டியை 60 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, கையுறையோடு எடுத்து உடனே வளையுங்கள். தோல் செருப்பு மாதிரி வளைந்தால் உங்கள் கலவையின் மென்மையாகும் வெப்பநிலை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சென்னையில் வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டிக்குள் அது போதவே போதாது.

க்யூர் முடியாததுதான் இங்கேயும் முதல் சந்தேகம். போஸ்ட் க்யூர் கொடுத்த பட்டியில் இதே சோதனை செய்யுங்கள். அதிலும் வளைந்தால், டஃப்னர் என்ற பெயரில் ஃபிளெக்சிபிளைசர் வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கடினத்தை அளக்கும் ஷோர் டி மீட்டர் இருந்தால் இன்னும் எளிது, சாதாரண எப்பாக்ஸி 80–85 காட்டும், டஃப்னர் போட்டது ஓரிரு புள்ளிகள் இறங்கலாம். 70க்குக் கீழே போனால் அது டஃப்னர் செய்த வேலையாக இருக்காது. அடுத்தது கரைந்துபோன சிடிபிஎன், அதற்கு மேலே சொன்ன வழி. இதெல்லாம் தாண்டியும் சூடு போதவில்லை என்றால் கோர்-ஷெல்லுக்கு மாறுவதுதான் வழி, செலவு கூடும், ஆனால் அது சூடு தாங்கும் திறனை ஏறக்குறையத் தொடாது.

## அறிகுறி 4: மேலே பிசுபிசுப்பு

ஈரத்துணியால் துடையுங்கள். சோப்பு மாதிரி வழுக்கித் துடைத்ததும் போய்விட்டால் அது அமீன் பிளஷ், காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் அமீனோடு சேர்ந்ததால் வந்தது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்த்துவிட்டு அடுத்த கோட் போடலாம். மழை நாளில் ஊற்றாமல் இருந்தால் பாதி குறையும். துணிக்குப் போகாமல் எண்ணெயாக இழுபட்டால், ரெசினோடு பிணையாத ரப்பரோ பிளாஸ்டிசைசரோ வெளியே வருகிறது. அதைத் துடைத்துச் சரி செய்ய முடியாது, அந்த பேட்சை ஒதுக்குங்கள். அதன் மேல் பெயின்டோ பசையோ நிற்காது.

## அறிகுறி 5: கலவை கெட்டி, உள்ளே குமிழி

ரப்பர் போட்டால் கெட்டியாவது இயல்பு. ஹார்ட்னர் சேர்க்கும் முன் ரெசினை 40–50 டிகிரிக்குச் சூடாக்கிக் குமிழி எடுங்கள். வேக்குவத்தில் வைத்தால் பொங்கும், அதனால் டப்பாவில் கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சூடான ரெசினில் ஹார்ட்னர் போட்டால் நேரம் பாதியாகிவிடும், ஆறவிட்டுப் போடுங்கள். அசிட்டோன் விட்டு இளக்குவது மட்டும் வேண்டாம், அது உள்ளே மாட்டிக்கொண்டு க்யூரையும் பலத்தையும் சேர்த்துக் கெடுக்கும். ஒரே தடவையில் கிலோ கணக்கில் ஊற்றினால் உள்ளே சூடேறிப் புகையும், விரிசலும் விடும், அதற்கு எந்த ரப்பரும் மருந்து இல்லை. அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும்.

## அறிகுறி 6: நன்றாக இருந்தது, சில வாரத்தில் உலோகத்தை ஒட்டி விரிசல்

விரிசல் எங்கே தொடங்குகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கூர்மையான மூலையில்: அலுமினிய ஹவுசிங்கின் விளிம்பு, போல்ட்டின் தலை. எப்பாக்ஸி ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 55–60 மைக்ரான் விரியும், அலுமினியம் 23, இரும்பு 12. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி இழுக்கும்போது அந்த மூலையில்தான் கிழியும். செலவே இல்லாத தீர்வு அரம் எடுத்து மூலையை உருட்டுவது. அடுத்தது சிலிக்கா ஃபில்லர் சேர்த்து விரிவைக் குறைப்பது. அப்புறம்தான் கோர்-ஷெல். ஃபில்லரும் கோர்-ஷெல்லும் சேர்ந்தால் தனித்தனியாக விடவும் நன்றாகத் தாங்குகிறது, பாட்டிங்கில் என் நம்பிக்கை இந்தக் கூட்டணிதான்.

## அறிகுறி 7: ஒட்டு முழுசாகப் பிரிகிறது

ஒரு பக்கம் வெறும் உலோகம் பளிச்சென்று தெரிந்தால் பசை உடையவே இல்லை, பிடிக்கவில்லை. டஃப்னர் இங்கே எதுவும் செய்யாது. அசிட்டோனில் துடைத்து, 80–120 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி துடைத்து, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால்தான் ஒட்டலாம். இரண்டு பக்கமும் பசை ஒட்டியிருந்து நடுவில் பிளந்திருந்தால் அப்போது அறிகுறி 1க்கும் 2க்கும் போங்கள், கூடவே பசையின் தடிமனையும் பாருங்கள். கிளாம்பை முறுக்கி முறுக்கிப் பசையை முழுதும் வெளியே பிதுக்கிவிட்டால், ரப்பர் போட்ட பசைக்கு உள்ளே நெகிழ இடமே கிடைக்காது. 0.25 மி.மீ. கண்ணாடி மணிகளைக் கொஞ்சம் கலந்தால் இடைவெளி தானாக நிற்கும்.

## அறிகுறி 8: முதலில் கெட்டி, மாதங்கள் போனதும் முறிகிறது

ஹார்ட்னர் டப்பாவில் பென்சைல் ஆல்கஹால் இருக்கிறதா என்று பாதுகாப்புத் தாளில் பாருங்கள். அது மெல்ல மெல்ல ஆவியாகிப் போகும், பொருள் சுருங்கும், நெகிழ்வும் போகும். அடுத்தது சிடிபிஎன் தானே: அதன் பியூட்டாடயீனில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, நேரடி வெயிலிலும் 120 டிகிரி பக்கத்திலான தொடர்ந்த சூட்டிலும் அது இறுகிவிடும். அந்த இடங்களுக்கு அக்ரிலிக் அல்லது சிலாக்சேன் உட்கரு உள்ள கோர்-ஷெல் கேளுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

அமீன் பட்டுக் கை அரித்தால், சிவந்தால், வேலையை அன்றே நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போங்கள். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் அப்புறம் போவதில்லை, நைட்ரைல் கையுறை போட்டாலும் சிலர் இந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கிறது.

உயர் அழுத்த மின்சாரப் பாகம், ஆள் எடையைத் தாங்கும் ஒட்டு, வண்டியின் கட்டமைப்புப் பாகம் — இந்த மூன்றிலும் பட்டி உடைப்புச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். தராசும் க்யூரும் ஹார்ட்னர் கணக்கும் சரி என்று உறுதியான பின்னும் பட்டி பளபளவென்று உடைந்தாலும் அதே முடிவுதான், ஆய்வகத்துக்குப் போங்கள். சென்னை கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. மென்மையாகும் வெப்பநிலைக்கு டிஎஸ்சி என்ற வெப்பச் சோதனை, விரிசல் தாங்கும் திறனுக்கு ஏஎஸ்டிஎம் தரச் சோதனை டி5045, ஒட்டுக்கு டி1002 என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், வெறுமனே "ஸ்ட்ரெங்த் டெஸ்ட்" என்றால் இழுவிசை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள், அதில் உங்கள் பிரச்சினை தெரியாது. ரப்பர் போட்டது, போடாதது இரண்டிலும் ஒரே நாளில் ஊற்றி ஒரே ஓவனில் க்யூர் செய்த மாதிரிகளை எடுத்துப் போங்கள். டப்பாக்களின் பேட்ச் எண், எடை எழுதிய தாள், ஓவனில் வைத்த நேரமும் சூடும், பொருள் உடைந்த துண்டு இவையும் கூடப் போக வேண்டும். உடைந்த முகத்தை விரலால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், சுத்தமான பாலித்தீன் உறையில் தனித்தனியாகப் போட்டுக் கொடுங்கள்.